ஒப்பந்தம் முடிந்த வாரமும் வீங்கிய கையும்: மார்பகப் புற்றுநோய் மறுவாழ்வில் ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வில் பார்க்க வேண்டியவை இரண்டு: பீடி சுற்றும் ஒரு பெண்ணின் வலக்கை, அந்தக் கைக்குக் கட்டுப் போட்ட இயன்முறை சிகிச்சையாளரின் 11 மாத ஒப்பந்தம். தொடக்கத்தில் இரண்டும் வெவ்வேறு கோப்புகளில் இருந்தன. பத்து வாரம் கழித்துத்தான் ஒன்றின் அளவு மற்றதன் தேதியைப் பின்தொடர்ந்தது தெரிந்தது. தொடர்புடையவர்களின் பெயரும் ஊரும் மருத்துவமனையும் இங்கே தரப்படவில்லை.

பின்னணி

நோயாளி ஆலங்குளம் வட்டாரத்தைச் சேர்ந்த 46 வயதுப் பெண். பன்னிரண்டு வயதிலிருந்து பீடி சுற்றுகிறார். வலக்கைப் பழக்கம் உள்ளவர். நோய் வருமுன் நாளுக்கு 1,000 பீடி அவர் கணக்கு. வலது மார்பில் கட்டி, அக்குளில் நெறிகட்டிகளிலும் நோய். மார்பை அகற்றி, அக்குள் நிணநீர் முடிச்சுகளையும் நீக்கினார்கள். பிறகு கீமோ 24 வாரம்: முதல் நான்கு சுற்று மூன்று வாரத்துக்கு ஒருமுறை, அடுத்து பாக்ளிடாக்சல் வாராவாரம் 12 முறை. அதன்பின் கதிர்வீச்சு, மக்கள் சொல்வதுபோல் ‘கரண்ட்’, 15 நாள். ஹார்மோன் சார்ந்த கட்டி என்பதால் டமாக்சிஃபென் மாத்திரை தொடர்கிறது. அறுவையும் மருந்தும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் நடந்தன. புற்றுநோய்க்கான சிகிச்சை என்ற அளவில் எந்தக் குறையும் இல்லை.

மறுவாழ்வுப் பிரிவின் நிலை வேறு. உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையில் மேற்படிப்பு முடித்த மருத்துவர் ஒருவர் இருந்தார். அரசுப் பள்ளியில் தமிழ்வழி படித்தவர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றி, பணியில் இருப்போருக்கான ஒதுக்கீட்டில் எம்.டி. சேர்ந்து, திரும்பவும் தென்மாவட்டத்துக்கே வந்தவர். தனிப்பிரிவு கேட்டுக் காத்திராமல், புற்றுநோய் ஓ.பி.யின் ஓரத்தில் ஒரு மேசை போட்டு, வாரத்தில் ஒரு பிற்பகல் புற்றுநோய் மறுவாழ்வு பார்க்கத் தொடங்கினார். வாரத்தின் மற்ற நாட்களைப் பக்கவாதம், முதுகுத்தண்டு நோயாளிகளும், மாற்றுத்திறனாளி சான்றிதழ் முகாம்களும் எடுத்துக்கொண்டன. சான்றிதழ்ப் பணி இத்துறை மருத்துவர்களின் நேரத்தை எவ்வளவு விழுங்குகிறது என்பது வெளியில் அதிகம் தெரியாத விஷயம். இந்த நிகழ்விலும் அதற்குப் பங்கு உண்டு.

நிணநீர் வீக்கத்துக்கு, அதாவது முடிச்சுகளை நீக்கியபின் நிணநீர் வடிய வழியில்லாமல் கை வீங்குவதற்கு, கட்டுப் போடத் தெரிந்தவர் அந்த மருத்துவமனையில் ஒரே ஒருவர். 20களின் கடைசியில் இருந்த இயன்முறை சிகிச்சையாளர். அவரும் பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைதான். தன் செலவில் பயிற்சி எடுத்திருந்தார். பணி 11 மாத ஒப்பந்தம்.

முதல் பரிசோதனையில் கண்டவை

அறுவை முடிந்து பத்தாம் மாதம் நோயாளி மறுவாழ்வு மேசைக்கு வந்தார். கதிர்வீச்சு முடியும்போதே கை கனக்கத் தொடங்கியிருந்தது. அதைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவராகவும் சொல்லவில்லை. வந்த அன்று சொன்னது: “கை கனக்கு டாக்டரம்மா. சொளவ மடியில வச்சா விரல்ல இலை நிக்க மாட்டேங்கு.” (சொளவு என்பது பீடி சுற்ற மடியில் வைக்கும் முறம்.)

இந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு நோய்கள் இருந்தன. கனம் என்பது நிணநீர் வீக்கம். இலை நிற்காதது பாக்ளிடாக்சலால் விரல் நுனி நரம்புகள் பாதிக்கப்பட்டதன் விளைவு. வீக்கத்தை மட்டும் பார்த்திருந்தால் இரண்டாவது தப்பிப் போயிருக்கும்.

கையை அளந்த முறை இது. மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்க எலும்பு முனையைச் சுழி என்று வைத்து, அங்கிருந்து 10, 20, 30, 40 செ.மீ. தொலைவில் பேனாவால் குறியிட்டு, அந்தந்த இடத்தில் சுற்றளவு எடுத்தார்கள். நாடா தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. தையல்காரர் நாடா நாளடைவில் நீளும் என்பதால் நீளாத நாடாவே பயன்பட்டது. அடுத்தடுத்த இரண்டு சுற்றளவுகளின் வர்க்கங்களையும் அவற்றின் பெருக்கலையும் கூட்டி, இடைவெளி நீளத்தால் பெருக்கி, 37.7ஆல் வகுத்தால் அந்தத் துண்டின் கனஅளவு மில்லிலிட்டரில் வரும். நான்கு துண்டுகளையும் கூட்டினால் கையின் அளவு.

இடக்கை: 15.5, 19.5, 23, 25, 28 செ.மீ. கனஅளவு 1,623 மி.லி.
வலக்கை: 16.5, 22, 26, 27.5, 30 செ.மீ. கனஅளவு 1,984 மி.லி.

வேறுபாடு 361 மி.லி., அதாவது 22 சதவீதம். 200 மி.லி. அல்லது 10 சதவீதம் தாண்டினாலே வீக்கம் என்று கொள்வது வழக்கம். விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. இரவு முழுக்க உயர்த்தி வைத்தும் காலையில் வடியவில்லை. எனவே இரண்டாம் நிலை. தோள் முன்பக்கமாக 95 பாகை மட்டுமே உயர்ந்தது, பக்கவாட்டில் 80. அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் கயிறுபோல் ஓர் இழுப்பு. மெல்லிய இழையால் தொட்டுப் பார்க்கும் மோனோஃபிலமென்ட் சோதனையில் கட்டைவிரல், ஆட்காட்டிவிரல் நுனிகளில் தொடுவுணர்வு குறைந்திருந்தது.

கட்டுப் போடுமுன் இரண்டு விஷயங்களை விலக்க வேண்டியிருந்தது. டமாக்சிஃபென் இரத்தக்கட்டு வாய்ப்பைக் கூட்டும் மருந்து. வீங்கிய கையின் சிரையில் இரத்தக்கட்டு இருந்து, அது தெரியாமல் அழுத்தினால் ஆபத்து. இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்ததில் ஒன்றும் இல்லை. அக்குளிலும் கழுத்தெலும்புக்கு மேலும் நோய் திரும்பியிருக்கிறதா என்று புற்றுநோய் மருத்துவர் பார்த்தார், இல்லை. இந்த இரண்டுக்கும் ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து நாளை மிச்சப்படுத்த நினைக்கக் கூடாது.

முன்பே தவறிய இடங்கள்

அக்குள் முடிச்சுகளை முழுதாக நீக்கியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கைவீக்கம் வரும். கதிர்வீச்சும் சேர்ந்தால் வாய்ப்பு கூடும். அதாவது இது எதிர்பார்க்கக் கூடிய ஒன்று. ஆனால் அறுவைக்கு முன் இவருடைய கையை யாரும் அளக்கவில்லை. வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு வலக்கை இயல்பாகவே சற்றுப் பருமனாக இருக்கும். எனவே 22 சதவீதத்தில் எவ்வளவு பழைய வேறுபாடு, எவ்வளவு வீக்கம் என்பதை இனி ஒருபோதும் துல்லியமாகச் சொல்ல முடியாது.

வார்டில் இவருக்குக் கிடைத்த அறிவுரை “அந்தக் கையில வேலை செய்யாதீங்க”. நல்லெண்ணத்தில் சொன்னதுதான். விளைவு, மூன்று மாதம் கையை மார்போடு ஒட்டியே வைத்திருந்தார், தோள் இறுகியது. அறுவை முடிந்த 7 முதல் 10 நாளுக்குள் முறையான பயிற்சியைத் தொடங்கியவர்களின் கை ஓராண்டு முடிவில் மேலாக இயங்கியது என்று 2021இல் வெளிவந்த ‘ப்ராஸ்பர்’ ஆய்வு காட்டியது. வீக்கம் வந்தவர்கள்கூடப் படிப்படியாக எடை தூக்கினால் வீக்கம் கூடுவதில்லை என்பது 2009லேயே சோதனை வழி நிறுவப்பட்டுவிட்டது. முதல் வாரம் கையைத் தோள் மட்டம் வரை, அறுவை செய்த இடத்து நீரை வடிக்கும் டிரெயின் குழாயை எடுத்தபின் அதற்கு மேல். சொல்ல வேண்டியிருந்தது இவ்வளவுதான். சொல்ல வார்டில் ஆள் இல்லை.

முதல் கட்டச் சிகிச்சை: மூன்று வாரம், 15 அமர்வு

திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் ஒரு மணி நேரம். ஊரிலிருந்து திருநெல்வேலிக்கு மொஃபசில் பேருந்து. மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளுக்குத்தான், மொஃபசிலுக்கு இல்லை. போக வரச் செலவும் ஒரு நாள் பீடியும் சேர்ந்து போகும். அதனால் சிகிச்சையாளர் அமர்வைக் காலை 11 மணிக்கு வைத்தார். நோயாளி விடியலில் கொஞ்சம் சுற்றிவிட்டு வரலாம், மாலைக்குள் வீடு திரும்பலாம். ஓ.பி. ஒழுங்குக்கு இது பொருந்தவில்லை. ஆனால் 15 அமர்வும் தவறாமல் நடந்ததற்குக் காரணம் இந்த நேர மாற்றமே.

கட்டின் அடுக்குகள்: முதலில் தோலைக் கழுவி ஈரப்பசைக் களிம்பு. மேலே பருத்தித் துணிக் குழாய். ஒவ்வொரு விரலுக்கும் மெல்லிய காஸ் சுற்று. பிறகு பஞ்சுப் பட்டை, முழங்கை மடிப்பிலும் மணிக்கட்டிலும் இரண்டு மடங்கு. அதன்மேல் குறைவாக நீளும் பருத்திப் பட்டை: உள்ளங்கைக்கு 6 செ.மீ. அகலம், முன்கைக்கு 8, மேற்கைக்கு 10. ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். இழுவிசையை மாற்றாமல் ஒரே சீராகக் கட்டினாலே, பருமன் குறைந்த மணிக்கட்டில் அழுத்தம் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அமையும். மேலே இறுக்கிக் கீழே தளர்த்தினால் நீர் விரல்களுக்கே இறங்கும்.

குறைவாக நீளும் பட்டைக்கும் கடையில் கிடைக்கும் க்ரேப் பேண்டேஜுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும், பின்னால் நடந்த தவறுக்கு அதுவே வேர். குறைவாக நீளும் பட்டை, கை சும்மா இருக்கும்போது மெதுவாக அழுத்தும். தசை சுருங்கும்போது சுவர்போல் நின்று எதிர்க்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் நிணநீரைத் தள்ளும் பம்பு. க்ரேப் ரப்பர்போல் நீளும். கை ஓய்வில் இருக்கும்போதும் இறுக்கிக்கொண்டே இருக்கும், தசை சுருங்கும்போது விட்டுக்கொடுத்துவிடும். தேவைக்கு நேர் எதிர்.

குளிக்கும் நேரம் போக நாள் முழுவதும் கட்டு இருந்தது. கட்டோடுதான் பயிற்சியும்: விரல் மடக்கி விரித்தல், முழங்கை மடக்குதல், சுவரில் விரலால் ஏறுதல், பத்து பத்தாக ஒரு நாளைக்கு நான்கு வேளை. கைமுறை நிணநீர் வடிப்பு 15 நிமிடம் மட்டும். கட்டோடு ஒப்பிட்டால் அதன் கூடுதல் பயன் சிறியது. அக்குள் கயிறுக்கு மெதுவான நீட்சி. பட்டைகள் இரண்டு தொகுப்பு, ஒன்று கையில், ஒன்று கொடியில். முறுக்கிப் பிழியாமல், நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் காயப்போட்ட பட்டை பத்து நாளில் உயிர் போய்விடுகிறது.

விரல் மரத்துப்போவதற்கு மருந்து கொடுப்பதா என்ற கேள்வி வந்தது. கீமோவால் வரும் நரம்பு வலிக்குச் சான்று உள்ள மருந்து டுலாக்செட்டின். ஆனால் அது வலியைக் குறைக்குமே தவிரப் போன உணர்வைத் திருப்பித் தராது. டமாக்சிஃபென் உடலில் செயல்வடிவம் பெறத் தேவையான ஈரல் நொதியையும் அது ஓரளவு தடுக்கும். இவருக்கு வலியைவிட மரப்பே பெரிது. மருத்துவர் அந்த மருந்தைத் தரவில்லை. அரிசியிலும் பயறிலும் விரல் விட்டுத் துழாவுதல், கண்ணை மூடி நூல், பொத்தான், இலை என்று தொட்டுச் சொல்லுதல் ஆகியவற்றை வீட்டுப் பயிற்சியாகக் கொடுத்தார்.

மூன்றாம் வார முடிவில் வலக்கை 1,750 மி.லி. வேறுபாடு 127, அதாவது 8 சதவீதத்துக்கும் குறைவு. தோள் முன்பக்கம் 130 பாகை. அடுத்த வாரம் அழுத்தக் கையுறைக்கு (அக்குள் வரை கையை அழுத்திப் பிடிக்கும் உறை) அளவெடுத்து, வந்ததும் போட்டுப் பார்த்துச் சரிசெய்வது திட்டம். வீக்கம் வடிந்து அளவு நிலைத்தபின்தான் கையுறைக்கு அளவெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வீங்கிய கைக்குத் தைத்த சட்டையாகிவிடும்.

ஆள் இல்லாத பத்து வாரம்

அந்த வெள்ளிக்கிழமையோடு சிகிச்சையாளரின் ஒப்பந்தம் முடிந்தது. அவர் ஆறு மாதக் கர்ப்பிணி. புதுப்பிக்கச் சென்றபோது, “பிரசவம் முடிச்சுட்டு வாங்கம்மா, அப்பப் பாத்துக்கலாம்” என்று சொல்லி அனுப்பினார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. மாற்று ஆளும் இல்லை.

கையுறை வெளியில் வாங்கப்பட்டது, ஏறத்தாழ 2,000 ரூபாய். கடையில் முன்கையை மட்டும் அளந்து கொடுத்தார்கள். மேல் விளிம்பு அக்குளுக்குக் கீழே சுருண்டு கயிறுபோல் இறுக்கியது. இரண்டு நாளில் உள்ளங்கை வீங்கியது, கழற்றி வைத்துவிட்டார். அளவு தவறு என்று சொல்ல யாரும் இல்லாததால், கையுறை தனக்கு ஒத்துவரவில்லை என்றே எடுத்துக்கொண்டார்.

இரண்டு முறை மருத்துவமனைக்கு வந்தார். இரண்டாவது முறை புற்றுநோய் ஓ.பி.யில் மறுவாழ்வு மருத்துவரையும் பார்த்தார். மருத்துவர் சான்றிதழ் முகாமுக்குக் கிளம்பும் நேரம். கட்டுப் பிரிவு நின்றுபோனது அவருக்கே அப்போது தெரியாது. சீட்டில் “ஃபிசியோ தொடரவும்” என்று எழுதினார். இந்த நிகழ்வில் மருத்துவரின் நேரடிப் பிழை இதுவே. கையை அளக்கவில்லை, யார் தொடர்வார் என்று கேட்கவில்லை.

உள்ளூரில் ஒருவர் க்ரேப் பேண்டேஜ் சுற்றிவிட்டார், முழங்கையில் இறுக்கமாக. பீடி இலையை ஈரச் சாக்கில் சுற்றி வைத்து நனைத்துத்தான் வெட்டுவார்கள். நாள் முழுக்க ஈரத்தில் ஊறும் விரலிடுக்கில் சேற்றுப்புண் இருந்தது. கத்தரி பட்டு ஆட்காட்டி விரலில் சிறு கீறல். மரத்த விரல் என்பதால் கீறியதே தெரியவில்லை. ஏழாவது வாரம் நடுக்கத்தோடு காய்ச்சல், முன்கை முழுதும் சிவப்பு, சூடு. தாலுகா மருத்துவமனையில் நான்கு நாள் சேர்த்து ஊசி, பிறகு வாய்வழி ஆன்டிபயாடிக், மொத்தம் 14 நாள். அங்கிருந்த மருத்துவர் முதலில் க்ரேப் பேண்டேஜை அவிழ்த்தது மிகச் சரியான முடிவு. தோல் தொற்று கொதிக்கும்போது எந்தக் கட்டும் கூடாது.

ஒவ்வொரு தொற்றும் எஞ்சியிருக்கும் நிணநீர்க் குழாய்களைச் சிதைத்து அடுத்த வீக்கத்துக்கு வழி செய்கிறது. பத்தாம் வாரம் அளந்தபோது வலக்கை 1,913 மி.லி., வேறுபாடு 290, ஏறத்தாழ 18 சதவீதம். மூன்று வாரத்தில் குறைத்த 234 மி.லி.யில் 163 திரும்ப ஏறிவிட்டது.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணம்

சிகிச்சையை மீண்டும் தொடங்குவது எளிய முடிவு. யார் செய்வது என்பதே கடினம். மறுவாழ்வு மருத்துவர் முதல் ஒரு வாரம் தானே கட்டுப் போட்டார். அது தொடர முடியாத ஏற்பாடு என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

முன்பு ஒருமுறை சென்னையில் நடந்த பயிற்சிக்கு ஓர் இடம் வந்திருக்கிறது. புற்றுநோயாளிகளைப் பார்க்காத, நிரந்தரப் பணியில் இருந்த மூத்தவர் ஒருவருக்கு அது போனது. “ஒப்பந்தக்காரங்க எப்ப வேணா போயிருவாங்க” என்பது அன்று சொன்ன காரணம். அந்த வாதம் தன் வாலைத் தானே விழுங்குகிறது. தக்கவைக்கவில்லை, அதனால் போகிறார்கள். போகிறார்கள் என்று சொல்லி வளர்ப்பதில்லை. இந்த வேலையைக் கையால் செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோர் ஒப்பந்தம். நோயாளிகளின் ஊரிலிருந்தே வந்தவர்கள், அந்த வேலையின் உடல்வலி தெரிந்தவர்கள். பயிற்சி மட்டும் அவர்களைத் தாண்டிப் போகிறது.

இம்முறை விதி மாற்றப்பட்டது: கட்டுப் போடப்போகிறவருக்கே பயிற்சி, பணியின் வகை எதுவானாலும். ஐந்து அரை நாள். பிரசவத்துக்கு முன்னான வாரங்களில் அந்தச் சிகிச்சையாளரே வந்து கற்றுக்கொடுத்தார், அதற்கு மதிப்பூதியம் எழுத்தில் பெறப்பட்டது. இலவசமாக வரச் சொல்லக் கூடாது என்பதில் மருத்துவர் உறுதியாக இருந்தார். கற்றவர்கள் நால்வர்: இரண்டு இயன்முறை சிகிச்சையாளர்கள், கீமோ வார்டுச் செவிலியர் ஒருவர், நோயாளியின் மகள். ஊழியர் ஒவ்வொருவரும் மேற்பார்வையில் பத்துக் கைகளுக்குக் கட்டியபின்தான் தனியாகக் கட்ட அனுமதி. அளவெடுப்பதில் இருவர் ஒரே கையைத் தனித்தனியே அளந்து, எந்தப் புள்ளியிலும் அரை செ.மீ.க்கு மேல் வேறுபாடு இல்லாமல் வர வேண்டும்.

அந்தச் செவிலியருக்குச் சிறுவயதுப் போலியோவால் ஒரு கால் பலவீனம். பல ஆண்டுகளாகப் பதிவேடு எழுதும் வேலையே கொடுக்கப்பட்டிருந்தது. கட்டுப் போடுவது உட்கார்ந்து செய்யும் வேலை. ஆறு வாரத்தில் பிரிவிலேயே சீரான கட்டு அவருடையதாக இருந்தது. 1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்த பின்னும் சக்கர நாற்காலியில் இருந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்த மேரி வர்கீஸ்தான் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்துக்கு அடித்தளம் போட்டவர். அப்படியொரு முன்னோடி இருக்கும் துறையில், ஒரு செவிலியரின் காலைப் பார்த்துக் கைவேலையை மறுத்தது வருந்தத்தக்கது.

ஒப்பந்தம் பற்றி மருத்துவர் நிர்வாகத்துக்கு இரண்டு பக்கக் குறிப்பு எழுதினார். முதல் பக்கத்தில் நோயாளியின் கை அளவு வரைபடம், அதன் குறுக்கே ஒப்பந்தம் முடிந்த தேதிக்கு ஒரு கோடு. இரண்டாம் பக்கத்தில் சட்ட நிலை: முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார மகப்பேறு விடுப்பு என்பது 2017 திருத்தத்திலிருந்து சட்டம். ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்பதால் மகப்பேறு பலன் நின்றுவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் கூறிய தீர்ப்பும் ஓர் ஒப்பந்த மருத்துவரின் வழக்கில் வந்ததுதான். தனிநபருக்கான பரிந்துரையாக எழுதாமல், நோயாளிக்கு நேர்ந்த பாதிப்பின் அறிக்கையாக எழுதியது உதவியது. அப்படி வந்த கோப்பை ஓரமாக வைப்பது கடினம்.

பீடிக்குத் திரும்புவது பற்றிய முடிவு

புகையிலைத் தூளில் மீண்டும் கை வைக்க ஒரு புற்றுநோய்ப் பிரிவே உதவலாமா? குழுவுக்குள் இது எளிதாக முடியவில்லை. ஒருவர் கூடாது என்றார். தையல், பூக்கட்டு என்று மாற்று வேலைகள் பேசப்பட்டன. ஆனால் தையலும் பூக்கட்டும் அதே விரல் நுனிகளைக் கேட்கின்றன. நூறு நாள் வேலையில் மண் சுமக்க வேண்டும்.

நோயாளியின் கணக்கு வேறு. பீடித் தொழிலாளர் அடையாள அட்டை, அதை ஒட்டி மகளுக்கு வரும் கல்வி உதவித்தொகை, பாஸ் புத்தகத்தில் ஓடும் பி.எஃப். மூன்றும் வேலை தொடர்வதைப் பொறுத்தவை. 1966இல் பீடித் தொழிலாளர் சட்டமும் 1976இல் நலநிதிச் சட்டமும் வந்து, இந்த வட்டாரத்துப் பெண்கள் கையில் மிஞ்சிய பாதுகாப்பு இவைதான். அதை விடச் சொல்லிவிட்டு மாற்றுத் தராமல் இருக்கும் உரிமை ஒரு மருத்துவக் குழுவுக்கு இல்லை. தூளால் வரும் கேட்டை ஒளிக்காமல் சொல்வது, முடிவை அவரிடம் விடுவது, அவர் தேர்ந்த வேலையைக் கைக்கு ஏற்றபடி மாற்றுவது என்று தீர்மானமானது.

மகளும் சிகிச்சையாளரும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வேலையைப் பகுதி பகுதியாகப் பார்த்தார்கள். கத்தரியால் இலை வெட்டுவதில்தான் கீறலும் பிடிப்புச் சோர்வும். அதை மகள் காலையில் அரைமணி நேரம் செய்துவிடுகிறார். சுற்றுவதும் நூல் கட்டுவதும் நோயாளி. சொளவு மடியில் இருந்தால் கை எட்டு மணி நேரம் தொங்கிக் கிடக்கும். மரமணை மேல் தலையணை வைத்து அதன்மேல் சொளவை ஏற்றியதும் முன்கைக்குத் தாங்கல் கிடைத்தது. 30 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, கையைத் தலைக்கு மேல் உயர்த்தி 20 முறை விரல் மடக்கி விரித்தல். ரப்பர் கையுறை போட்டால் சுற்ற வரவில்லை, அது கைவிடப்பட்டது. பதிலாக வேலை முடிந்ததும் சோப்பால் கழுவி, விரலிடுக்கை நன்கு துடைத்து உலரவிட்டு, சேற்றுப்புண் களிம்பு. நாள்தோறும் வெளிச்சத்தில் விரல் நுனிகளை மகள் பார்க்க வேண்டும், மரத்த விரல் வலித்துச் சொல்லாது.

கோடையில் பகல் முழுக்கக் கட்டு தாங்கவில்லை, வேர்க்குரு வந்தது. இரண்டாம் சுற்றில் மாலை ஆறு முதல் காலை ஆறு வரை கட்டு, பகலில் சரியான அளவுக் கையுறை (20–30 மி.மீ. பாதரச அழுத்தம்) என்று மாற்றப்பட்டது. குறைவது மெதுவாகத்தான் நடந்தது. ஆனால் நின்றுபோகவில்லை.

விளைவு

முதல் வருகையிலிருந்து 12ஆம் மாதம் வலக்கை 1,769 மி.லி., வேறுபாடு 146, அதாவது 9 சதவீதம். முதல் கட்டத்தின் முடிவில் எட்டிய அளவு திரும்பவில்லை. அந்தப் பத்து வாரத்தின் விலை ஓரளவு நிலைத்துவிட்டது. தோள் முன்பக்கம் 150 பாகை, பக்கவாட்டில் 140. தொற்று மறுபடி வரவில்லை. விரல் உணர்வு கட்டைவிரலில் மேம்பட்டது, ஆட்காட்டி விரலில் அப்படியே. நாளுக்கு 400 முதல் 500 பீடி. வருமானம் பாதி. அடையாள அட்டையும் உதவித்தொகையும் தொடர்கின்றன.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வட்டாரத்துக்கு வரும் இயன்முறை சிகிச்சையாளர் மாதம் இருமுறை வீட்டிலேயே அளந்து எழுதுகிறார். அதே திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலருக்கு மூன்று அபாயக் குறிகள் கற்றுத் தரப்பட்டன: சிவந்து சூடாவது, நடுக்கத்தோடு காய்ச்சல், திடீரென வலியோடு வீங்குவது.

சிகிச்சையாளரின் ஒப்பந்தம், முடிந்த தேதியிலிருந்தே இடைவெளி இல்லாமல் நீடிப்பதாகப் புதுப்பிக்கப்பட்டது. 26 வாரம் விடுப்பு எடுத்துத் திரும்பினார். விடுப்புக் காலச் சம்பளம் ஐந்து மாதம் தாமதமாக வந்தது. அந்த ஐந்து மாதம் அவர் வீடும் பீடியில்தான் ஓடியது.

மாற்ற வேண்டியவை

அறுவைக்கு முந்தைய நாள் இரு கைகளின் ஐந்து சுற்றளவையும் நோயாளியின் சீட்டில் எழுதுவது இப்போது அறுவை வார்டுச் செவிலியரின் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. ஐந்து நிமிட வேலை. டிரெயின் குழாயோடு வீடு போகும் பெண்ணுக்குத் தோள் பயிற்சி காட்டாமல் அனுப்புவதில்லை. பாக்ளிடாக்சல் ஆறாவது வாரத்திலேயே “சட்டைப் பொத்தான் போட வருதா, இலை விரல்ல நிக்குதா” என்று கேட்கிறார்கள். அந்தக் கட்டத்தில் தெரிந்தால் மருந்தளவை மாற்றலாமா என்று புற்றுநோய் மருத்துவர் யோசிக்க இடம் இருக்கும். முடிந்தபின் தெரிந்து பயனில்லை.

கையுறை அளவை மருத்துவமனையிலேயே எடுத்து, எழுதிக் கொடுத்து, வந்ததும் போட்டுப் பார்த்த பிறகே நோயாளி கிளம்ப வேண்டும். ஆறு மாதத்தில் இழுவை போய்விடும், மாற்றுக் கையுறைக்குப் பணம் எங்கிருந்து என்பதை முதல் நாளே பேச வேண்டும். இந்த நோயாளிக்கு இரண்டாவது கையுறை ஒரு நன்கொடையாளரால் வந்தது, அது ஏற்பாடு ஆகாது.

மருத்துவர் தன் சீட்டில் இனி “ஃபிசியோ தொடரவும்” என்று எழுதுவதில்லை. யார், எந்த நாள், எந்த அறை என்று எழுதுகிறார். ஒப்பந்தம் முடியும் தேதிகள் நோயாளிகளின் அடுத்த வருகைத் தேதிகளோடு ஒரே பதிவேட்டில் இருக்கின்றன, 60 நாள் முன்பே பார்க்கும்படி. எந்த நேரத்திலும் கட்டுப் போடத் தெரிந்தவர் இருவர் பணியில் இருக்க வேண்டும் என்பது பிரிவின் விதி. ஆனால் அனுமதிக்கப்பட்ட பணியிடம் இன்னும் ஒன்றுதான். பயிற்சி பெற்ற மற்ற இருவரும் செவிலியரும் தங்கள் சொந்த வேலைக்கு நடுவே இதையும் பார்க்கிறார்கள். இரண்டாவது பணியிடம் கேட்டு அனுப்பிய கோப்பு மூன்றாவது முறையாக விளக்கம் கேட்டுத் திரும்பியிருக்கிறது. விளக்கத்தோடு இணைக்க அதே வரைபடம்தான் எடுத்து வைக்கப்பட்டுள்ளது.